புளி வியாபாரி ஈஸ்வரன் வாங்கிய பிரெஞ்சுச் சான்றிதழ்

ஈஸ்வரன் அவர்களுக்கு வயது அறுபத்திரண்டு. திண்டுக்கல் ஆர்.எம். காலனியில் சொந்த வீடு. நத்தம் சாலையில் புளி மண்டி. வெள்ளை நிறக் கார் ஒன்று. ஓட்டுநர் உரிமம் ஒன்று. இவற்றுள் முதல் மூன்றும் அவர் உழைத்துப் பெற்றவை.

நான்காவதைப் பெறுவதற்காக அவர் எந்த மைதானத்திலும் எட்டுப் போட்டதில்லை. இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன், வேறொரு மாவட்டத்தில், பாண்டி என்ற தரகர் அதை எப்படியோ வாங்கிக் கொடுத்தார். அதன் பயனாக, ஈஸ்வரனுக்கு வண்டியை முன்னோக்கி ஓட்டத் தெரியும். பின்னோக்கி எடுக்கத் தெரியாது. இக்குறையை மறைக்க அவர் செலவிடும் அறிவு சாதாரணமானதன்று. கல்யாண மண்டபங்களில் மற்றவர்கள் வாசலருகே இடம் தேடும்போது, இவர் அரைக் கிலோமீட்டர் தள்ளி, வண்டியின் முகம் ஊரைப் பார்க்கும்படி நிறுத்துவார். "கூட்டத்துல மாட்டிக்கிட்டாக் கெளம்பச் செரமம் அப்பு" என்று காரணம் சொல்வார். வீடு தெருமுனையில் இருப்பதால் கார்க் கொட்டகைக்கு இரண்டு தெருவிலும் வாசல் வைத்துக் கட்டியிருக்கிறார். ஒன்றில் நுழைந்து மற்றொன்றில் வெளியேறுவார். அந்த இரண்டாவது வாசலுக்கும் இரும்புக் கதவுக்கும் ஆன செலவில், நான்கு பேர் ஓட்டுநர் பயிற்சி பெற்றிருக்கலாம். நான் அவருக்கு முப்பது ஆண்டுகளாக எதிர்வீட்டுக்காரன். இரண்டு வாசல்களும் கட்டப்பட்டதைப் பார்த்தவன்.

இவ்வகையில் அவரிடம் வேறு தாள்களும் உண்டு. ஏதோ ஒரு மனித உரிமைக் கழகத்தின் மாவட்டத் துணைத்தலைவர் என்னும் அடையாள அட்டை ஒன்று. அந்தக் கழகத்துக்கு மாவட்டத்தில் துணைத்தலைவர்கள் மட்டும் நாற்பது பேர். மதுரையில் ஒரு விடுதியின் மாடியில், எவரும் கேள்விப்படாத பல்கலைக்கழகம் ஒன்று வழங்கிய கௌரவ டாக்டர் பட்டம் மற்றொன்று. அங்கியும் தொப்பியும் வாடகைக்கு. படத்துக்குத் தனிக் கட்டணம். அன்று முதல் அவருடைய முகவரிச் சீட்டில் டாக்டர் ஈஸ்வரன், புளி மொத்த வியாபாரம் என்று இருக்கிறது. காய்ச்சலுக்கு மருந்து கேட்டு ஒருவர் வந்து திரும்பியதும் உண்டு.

"ஆளு இல்லாதவன்தாம்ப்பா வரிசையில நிக்கணும்" என்பது அவர் வாழ்க்கை முழுவதையும் நடத்திச் சென்ற கொள்கை. மின் இணைப்பானாலும் கோயில் தரிசனமானாலும், வரிசை கண்ணில் பட்டவுடன் அவர் கைப்பேசியை எடுத்துவிடுவார்.

இதே மனிதரை மண்டியில் பார்க்கவேண்டும். நத்தம் பக்கத்துத் தோப்புகளிலிருந்து மூட்டைகள் வந்து இறங்கும். மேலே புதுப்புளி பொன்னிறமாக மின்னும். அடியில் போன ஆண்டுக் கறுப்புப் புளியும் கொட்டையும் மண்ணும் இருக்கக்கூடும் என்பது தொழில் அறிந்தவர்களுக்குத் தெரியும். ஈஸ்வரன் மேலே இருப்பதைத் திரும்பியும் பார்க்கமாட்டார். சட்டைக்கையை மடித்து, முழங்கை மறையும்வரை மூட்டைக்குள் விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுப்பார். விரலால் நசுக்குவார், மோந்து பார்ப்பார், நுனியைக் கடிப்பார். "மேல இருக்கறத எவன்டா கேட்டான்? அடியக் காட்டு" என்று கூறி, ஒரு பிடி சரியில்லையென்றால் மூட்டையையே திருப்பி அனுப்புவார். நாற்பது ஆண்டுகளில் அவரைப் புளியில் ஏமாற்றியவர் எவரும் இல்லை. மற்ற எல்லாவற்றிலும் ஏமாற்றியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அவரே தேடிச்சென்று பணம் கொடுத்தார்.

அவருடைய ஒரே மகள் தேவதர்ஷினி. வயது இருபத்தொன்பது. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். சனிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்து திங்கட்கிழமை அதிகாலை திரும்புவாள். அவளுக்குக் கனடாவில் குடியேறிப் பணிபுரிய விருப்பம். அந்நாடு வயது, படிப்பு, அனுபவம், மொழி ஆகியவற்றுக்குப் புள்ளிகள் வழங்கி, புள்ளி மிகுந்தோரை அழைக்கிறது. அவளுக்குப் புள்ளி குறைந்தது. பிரெஞ்சு மொழியில் கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் ஆகிய நான்கிலும் ஏழாம் படிநிலையை எட்டினால் அந்தக் குறை தீரும் என்று அறிந்தாள். அறிந்த வாரமே ஜோஸ்பின் அம்மையாரின் வகுப்பில் சேர்ந்தாள்.

ஜோஸ்பின் காரைக்காலில் பிறந்து, அங்கே ஒரு பள்ளியில் இருபத்தாறு ஆண்டுகள் பிரெஞ்சு கற்பித்து, மகன் வேலை நிமித்தம் திண்டுக்கல்லுக்கு வந்து சேர்ந்தவர். ஞாயிறு காலை ஏழு மணிக்கு அவர் வீட்டு முன்னறையில் ஆறு பேர் அமர்வார்கள். ஒரு நிமிடம் தாமதமானாலும் கதவு திறக்காது. தேவதர்ஷினி பதினான்கு மாதங்களில் ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. மதுரை ரயிலில் காதில் பிரெஞ்சு வானொலிச் செய்தியை மாட்டிக்கொண்டு, உதடு அசைய அவள் வருவதைப் பார்த்த தெருக்காரர்கள் அவள் மந்திரம் சொல்வதாக நினைத்தார்கள். ஜூன் பதினெட்டாம் தேதி சென்னையில் தேர்வெழுதக் கட்டணம் செலுத்தியிருந்தாள்.

ஈஸ்வரனுக்கு இது விளங்கவில்லை.

"ஏம்மா, எதுக்கு அந்தப் பாஷைய மெனக்கெட்டுப் படிக்கிறே?"

"மார்க் கூடும்ப்பா."

"மார்க்குதானே வேணும்? அதுக்கு எதுக்குப் பாஷை?"

அவள் சிரித்துவிட்டுப் போனாள். அவர் கேலி செய்கிறார் என்று எண்ணியிருக்கிறாள். அவர் கேலி செய்யவில்லை, யோசித்துக்கொண்டிருந்தார்.

இங்கே தேவதர்ஷினி செய்த ஒரு தவறையும் சொல்லவேண்டும். விண்ணப்பத்துக்கான இணையக் கணக்கை அவள் தானே தொடங்கவில்லை. "பாண்டி நம்ம ஆளு, அவனே செய்யட்டும்" என்று தந்தை பிடிவாதம் பிடித்தார். அவர் மனம் கோணக்கூடாது என்று அவளும் சம்மதித்தாள். கணக்கு அவள் பெயரில் இருந்தது; அதற்கான மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் பாண்டியிடம் இருந்தன.

ஓட்டுநர் உரிமத் தரகராகத் தொடங்கிய பாண்டி, பின்னர் கடவுச்சீட்டுப் படிவம் நிரப்பி, இப்போது பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தின் மாடியில் கனடா வாசல் கன்சல்டன்சி என்ற பலகையை மாட்டியிருந்தார். கனடாவில் குடியேற்ற ஆலோசனைக்குக் கட்டணம் வாங்குபவர் அந்நாட்டின் ஆலோசகர் பட்டியலில் பதிவு பெற்றிருக்கவேண்டும். அப்பட்டியலை எவர் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். பாண்டியின் பெயர் அதில் இல்லை. ஈஸ்வரன் பார்க்கவுமில்லை.

சித்திரை மாதத்தில் ஒருநாள் பாண்டி மண்டிக்கு வந்தார். கணக்குப்பிள்ளை பக்கத்திலேயே இருந்ததால் பேச்சு பின்னால் வெளியே வந்தது.

"அண்ணே, பாப்பா எதுக்குண்ணே சென்னைக்கு அலையணும்? பிரெஞ்சு சர்டிபிகேட் நம்மகிட்டயே வருது. ஒரிஜினல்."

"ஒரிஜினல்னா?"

"ஒரிஜினல் மாதிரியேண்ணே."

இந்த விளக்கம் ஈஸ்வரனுக்குப் போதுமானதாக இருந்தது. ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய் கைமாறியது. "பாப்பாகிட்ட இப்பச் சொல்ல வேணாம். சர்ப்ரைஸா இருக்கட்டும்" என்றும் அவரே சொன்னார். வந்து சேர்ந்த தாளை அவர் மோந்து பார்க்கவில்லை. அடியில் என்ன இருக்கிறது என்று கேட்கவுமில்லை. ஓரத்தில் நீலக் கோடும் ஒரு முத்திரையும் இருந்தன. அவருக்குத் தெரியாத மொழியில் நிறைய எழுத்துகள் இருந்தன. ஆகவே அது உயர்ந்தது என்று முடிவு செய்தார்.

பாண்டி அந்த மதிப்பெண்களைத் தேவதர்ஷினியின் கணக்கில் ஏற்றினார். புள்ளி உயர்ந்தது. மூன்றாம் வாரம், விண்ணப்பிக்க வரலாம் என்னும் அழைப்பு பாண்டியின் மின்னஞ்சலுக்கு வந்தது. ஆவணங்களை இணைத்து அனுப்ப அறுபது நாள் அவகாசம். செய்தி கேட்ட ஈஸ்வரன் நேரே பேனர் அச்சகத்துக்குப் போனார்.

எங்கள் ஊரில் எந்த நன்மை நடந்தாலும் அதற்கு ஒரு ப்ளெக்ஸ் வைத்தாகவேண்டும். நடந்து முடிந்தபின் அதை அவிழ்க்கும் வழக்கம் கிடையாது. மழையும் வெயிலும் அவிழ்த்தால்தான் உண்டு. தெருமுனை மின்கம்பத்தில் ஏற்கெனவே ஈஸ்வரன் குடும்பத்தின் ப்ளெக்ஸ் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அவர் தம்பி பேரனுக்குக் கோபால்பட்டியில் நடந்த காதணி விழாவுக்கானது. பிப்ரவரி பத்தாம் தேதி, வளர்பிறை முகூர்த்தம் என்று பெரிய எழுத்தில் இருந்தது. வரவேற்கும் சொந்தங்களின் வரிசையில் பச்சைச் சேலையில் தேவதர்ஷினியின் படமும் இருந்தது.

புதிய ப்ளெக்ஸை அதற்கு நேர் மேலே கட்டினார்கள். எட்டடிக்குப் பத்தடி. அதே பச்சைச் சேலைப் படம். அச்சகத்தில் அதுதான் கைவசம் இருந்தது. பின்னணியில் ஈபிள் கோபுரம், விமானம், கனடாக் கொடி. ஒரு மூலையில் அந்தச் சான்றிதழ், கதவளவு பெரிதாக. அதன் கீழே: "பிப்ரவரி 10 அன்று பிரான்ஸ் நாட்டில் நடைபெற்ற பிரெஞ்சு மொழித் தேர்வில் வெற்றிவாகை சூடி, கனடா அரசின் அழைப்பைப் பெற்ற எங்கள் குலவிளக்கே, வாழ்க! வாழ்த்தும் இதயம்: டாக்டர் ஈஸ்வரன்." தேதியைப் போடவேண்டும் என்று வற்புறுத்தியது அவர்தான். தேதி இல்லாவிட்டால் ஊர் நம்பாதாம்.

மூன்று நாள் அது அப்படியே தொங்கியது. மேலே பார்த்தால் தேவதர்ஷினி பிரான்சில் தேர்வு எழுதுகிறாள். கீழே பார்த்தால் அதே நாளில், அதே சேலையில், கோபால்பட்டியில் வரவேற்கிறாள். தெரு முழுவதும் பார்த்துச் சிரித்தது. ஒருவரும் ஈஸ்வரனிடம் சொல்லவில்லை. அவரைத் திருத்தும் ஆவல் எங்கள் தெருவில் எவருக்கும் என்றுமே இருந்ததில்லை.

சனிக்கிழமை மாலை தேவதர்ஷினி டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். முனையில் தையல்கடை வைத்திருக்கும் ரம்ஜான் பீவி எந்திரத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்.

"வாம்மா பிரான்சுக்காரி! பத்தாம் தேதி நான் தச்ச ஜாக்கெட்டப் போட்டுக்கிட்டு, கோபால்பட்டிப் பந்தியில எம்பக்கத்துலதானே ஒக்காந்து சாப்ட்டே? செத்த நேரம் கையலம்பிட்டு வாரேன்னு போனியே, அப்பத்தான் பிரான்சு போய்ப் பரீட்சை எழுதிட்டு வந்தியா?"

"என்னக்கா சொல்றீங்க?"

"நான் எங்க சொன்னேன்? ஒங்க அப்பா சொல்றாரு. மேல பாரு."

அவள் மேலே பார்த்தாள். பிறகு கைப்பேசியில் படம் பிடித்து, சான்றிதழ் இருந்த மூலையை விரலால் பெரிதாக்கினாள். எங்கள் தெருவில் அதைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். பிரான்சில் ஒரு நகரத்தின் பெயர், தேர்வு எண், நான்கு மதிப்பெண்கள் என்று ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பிறகு பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். தொடர்ந்த பேச்சு எதிர்வீடு வரை கேட்டது.

"அப்பா, அந்தத் தாள எவன் குடுத்தான்?"

"தாளா? சர்டிபிகேட்டும்மா. பாண்டிதான் குடுத்தான். எப்பிடி, அப்பன் செஞ்ச வேலை?"

"நான் பரீட்சையே எழுதலையேப்பா."

"அதான் எழுதாமலே வாங்கியாச்சுல்ல. அழைப்பும் வந்துருச்சு. நீ இனிச் சென்னைக்கு வேற போகணுமா?"

"ஒரு வார்த்த பிள்ளைகிட்டக் கேளுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்" என்று தாய் செல்லக்கிளியின் குரல் குறுக்கே வந்தது. "கேட்டாத்தானே. கார் நிப்பாட்ட ரெண்டு வாசல் வச்ச மனுசன்தானே."

"நீ சும்மா கெட."

"என் பாஸ்போர்ட்ட எடுத்துப் பாருங்க. ஒரு முத்திரை இருக்கா? பிரான்சுக்கு நான் நடந்தா போனேன்? அந்தத் தேர்வு நடத்துறவங்ககிட்ட இந்த நம்பரக் கேட்டா வேற எவரு பேரோ வரும். பொய்த்தாள் குடுத்தான்னு பாண்டி பேர்லயா எழுதுவாங்க? எம்பேர்லதான் எழுதுவாங்க. அஞ்சு வருசத்துக்கு அந்த நாட்டுப் பக்கமே எட்டிப் பாக்க முடியாது. அதுக்கப்புறமும் எங்க விண்ணப்பிச்சாலும் இந்தக் கறை கூடவே வரும்."

"அம்புட்டுத் தூரத்துல இருக்கறவன், ஒவ்வொரு தாளாவா பாத்துக்கிட்டு இருப்பான்?"

"நத்தத்துப் புளிய மேலாப்புலயா பாத்து வாங்குறீங்க நீங்க?"

ஈஸ்வரன் சொன்னார்: "புளி வேற."

அறுபத்திரண்டு ஆண்டு வாழ்க்கையில் அவர் சேர்த்துவைத்த ஞானம் இந்த இரண்டு சொற்களுக்குள் அடங்கும். காசு கொடுத்து வாங்குகிற பண்டத்தில் கலப்படம் இருக்கக்கூடாது. தான் கொடுக்கிற தாளில் இருக்கலாம்.

பேச்சின் முடிவில்தான் முக்கியமான செய்தி வெளிவந்தது. பாண்டி திங்கட்கிழமை எல்லா ஆவணங்களையும் அனுப்பவிருந்தார். அனுப்பிவிட்டால் பொய்யை அவளே கையெழுத்திட்டுச் சமர்ப்பித்ததாக ஆகும். இடையில் இருந்தது ஒரு ஞாயிறு மட்டுமே. அவள் ஜோஸ்பின் அம்மையாரைத் தொலைபேசியில் அழைத்தாள். அவர் அதிகம் பேசவில்லை.

"உன் உச்சரிப்பப் பதினாலு மாசம் திருத்தினது இதுக்கா? சரி. அந்த ஆளுகிட்ட நியாயம் பேசாதே, அவன் கடையில அது விக்கிறதில்ல. மொதல்ல கணக்க உன் கைக்கு மாத்து. அழுகைய அப்புறம் வச்சுக்க. நாளைக்கு வகுப்புக்கு வராட்டியும் பரவாயில்ல."

பதினான்கு மாதத்தில் அவர் கொடுத்த முதல் விடுமுறை அது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தந்தையும் மகளும் காரில் போனார்கள். பாண்டிக்கு வியாபாரம் மிகுந்த நாள் ஞாயிறு. முன்னறையில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். ஆயக்குடியிலிருந்து ஆண்டிச்சாமி என்ற விவசாயி மனைவியோடு வந்திருந்தார், மகனுக்காக. மேசைமேல் அவர் கொண்டுவந்த கொய்யாப்பழப் பை இருந்தது. சுவரில் எங்கள் வெற்றியாளர்கள் என்ற தலைப்பின் கீழ், கண்ணாடிச் சட்டமிட்ட பன்னிரண்டு பிரெஞ்சுச் சான்றிதழ்கள். ஒவ்வொன்றின் மேலும் வாடிக்கையாளரின் சிறு புகைப்படம். கடைசிச் சட்டத்தில் பச்சைச் சேலை.

தான் செய்த போலிகளைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டும் மோசடிக்காரனை வேறு ஊர்களில் காண்பது அரிது. பாண்டியை அப்படிச் செய்யவைத்தது துணிச்சலன்று. அவை போலி என்பதையே அவர் மறந்திருந்தார். அவ்வூரில் எவருக்கும் அந்த மொழி தெரியாது என்ற நம்பிக்கையே அவர் தொழிலின் முழு மூலதனம்.

"வாங்க மேடம், வாழ்த்துகள்" என்றார் பாண்டி. "அண்ணே, ஒக்காருங்க."

"பாஸ்வேர்ட் குடுங்க."

"அது ஆபீஸ் ரூல்ஸ் மேடம். ப்ராசஸ் முடியற வரைக்கும் நம்ம கையிலதான் இருக்கணும்."

"நான் எழுதாத பரீட்சைய எழுதினேன்னு போட்டுருக்கீங்க. அத எடுக்கணும்."

"டென்சன் ஆகாதீங்க மேடம். எல்லாரும் இப்பிடித்தான் போறாங்க. போய்ச் சேந்தவங்க ஒரு நாளாச்சும் திரும்பி வந்து என்னையக் கேட்டுருக்காங்களா?"

ஈஸ்வரன் நாற்காலியில் முன்னகர்ந்தார். மகளுக்காக வாதாடப்போகிறார் என்று யாரும் நினைத்திருக்கலாம்.

"பாண்டி, அப்ப அந்தப் பணத்துல பாதியாச்சும் திரும்ப வருமா?"

தேவதர்ஷினி தந்தையைப் பார்க்கவில்லை. எழுந்து சுவருக்குச் சென்றாள். முதல் சட்டத்தின்முன் நின்று, முன்னறைக்குக் கேட்கும்படி, பிரெஞ்சு வரிகளை ஒவ்வொன்றாகப் படித்துத் தமிழில் சொல்லத் தொடங்கினாள்.

"இவரு தேர்வு எழுதின நாள், பிப்ரவரி பத்து. எடம், பிரான்ஸ். கேட்டலுக்கு இவ்வளவு, பேசுறதுக்கு இவ்வளவு. தேர்வு நம்பர்ல கடைசி மூணு இலக்கம் நானூத்திப் பதினேழு." அடுத்த சட்டம். "இவரும் பிப்ரவரி பத்து. அதே ஊரு. அதே மார்க். நம்பர் நானூத்திப் பதினேழு." அடுத்தது. "இவரும் அதே நானூத்திப் பதினேழு. ஆனா இவருக்கு மீசை இருக்கு. தாள்ல திருமதின்னு போட்டுருக்கு."

முன்னறையில் யாரோ சிரித்தார்கள். பாண்டி எழுந்தார்.

"மேடம், ப்ளீஸ்."

"நாலாவது ஆளு. பொறந்த தேதிய மாத்த மறந்துட்டீங்க பாண்டி சார். மூணாவது ஆளும் நாலாவது ஆளும் ஒரே நாள்ல, ஒரே ஊர்ல பொறந்துருக்காங்க. ரெட்டப் பிள்ளைங்களா?"

ஆண்டிச்சாமி எழுந்து உள்ளே வந்தார். "ஏனுங்க பாண்டி, எம்பட பையனுக்கும் அந்தப் பத்தாந்தேதியேதான் போடுவீங்களா?"

"அண்ணே, அவங்க ஏதோ கோவத்துல..."

"இல்லீங்க, அன்னைக்கு அவன் தோப்புல கொய்யாவுக்கு மருந்தடிச்சுட்டு இருந்தானுங்க. ஊரே பாத்துச்சு. அதுக்குத்தான் கேட்டேனுங்க."

"அஞ்சாவது" என்றாள் தேவதர்ஷினி.

பாண்டி ஒரு சீட்டில் கடவுச்சொல்லை எழுதி நீட்டினார். அவள் அதை வாங்கிக்கொண்டு அவருடைய நாற்காலியிலேயே அமர்ந்தாள். அழைப்பை ஏற்கவில்லை என்று பதிவு செய்தாள். பொய்யான மதிப்பெண் இருந்த விவரக்கோப்பைத் திரும்பப் பெற்றாள். மின்னஞ்சலைத் தன்னுடையதாக மாற்றினாள். செய்த ஒவ்வொன்றையும் படம் பிடித்துக்கொண்டாள். இருபது நிமிடம் ஆயிற்று. பதினான்கு மாதமாக எதிர்பார்த்திருந்த அழைப்பைத் தன் கையாலேயே வேண்டாமென்று தள்ளியபோது அவள் விரல் சற்று நின்றதாக ஆண்டிச்சாமி பின்னர் மண்டியில் சொன்னார். அவர் அதைப் பார்த்துவிட்டு, மேசைமேலிருந்த கொய்யாப்பழப் பையை எடுத்துக்கொண்டு, மனைவியோடு படியிறங்கிப் போய்விட்டார்.

கீழே சந்தின் மறுமுனையை ஒரு லாரி அடைத்துக்கொண்டு சிமென்ட் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது. முன்னே வழியில்லை, பின்னால்தான் போகவேண்டும். ஈஸ்வரன் திசைமாற்றியைப் பிடித்தபடி அமர்ந்திருந்தார். பின்னால் இரண்டு ஆட்டோக்கள் ஒலியெழுப்பின.

"லாரி போகட்டும்மா."

"முந்நூறு மூட்டை இருக்குப்பா. எறங்குங்க."

"ஆளக் கூப்பிடலாம்."

"எறங்குங்கப்பா."

அவர் இறங்கினார். அவள் அமர்ந்து, கண்ணாடியைச் சரிசெய்து, இரண்டு ஆட்டோக்களையும் முதலில் பின்வாங்கச் சொல்லி, எண்பதடிச் சந்தைப் பின்னோக்கியே கடந்து சாலைக்கு வந்தாள். அவள் உரிமம் பெறும்போது மூன்று முறை எட்டுப் போட்டு, இரண்டு முறை தோற்றவள். டாக்டர் ஈஸ்வரன் வண்டிக்கு முன்னால் நடந்து வந்தார். வண்டி பின்வாங்க, அவர் அதைத் துரத்துவதுபோல் இருந்தது.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஜூனில் அவள் சென்னையில் தேர்வெழுதினாள். கேட்டலில் ஒரு படிநிலை குறைந்தது. செப்டம்பரில் மறுபடியும் எழுதினாள். நான்கிலும் ஏழை எட்டினாள். ப்ளெக்ஸில் இருந்த மதிப்பெண்ணைவிட மூன்றில் குறைவுதான். ஆனால் அது அவளுடையது; எந்த அதிகாரி எந்த எண்ணைக் கேட்டாலும் அவள் பெயரே வரும். கார்த்திகையில் புதிய அழைப்பு வந்தது. விண்ணப்பத்தை அவளே நிரப்பினாள். முன்பு தன் பெயரில் ஏற்றப்பட்ட பொய்யையும் அதைத் தான் நீக்கிய விதத்தையும் ஒரு கடிதமாக எழுதி, படங்களோடு இணைத்தாள். மறைத்தால் என்ன என்று ஈஸ்வரன் கேட்டாராம். அதற்குள் அவள் அனுப்பிவிட்டிருந்தாள். மறு ஆண்டு வைகாசியில் அனுமதி வந்தது. ஆடி பிறக்குமுன் புறப்பட்டாள். ப்ளெக்ஸ் வைக்கப்படவில்லை. அதைத் தன் பயணத்துக்கு நிபந்தனையாகவே அவள் வைத்திருந்தாள்.

பாண்டிமேல் அவள் எழுத்துமூலம் புகார் கொடுத்தாள். பலகை இறங்கியது. சில மாதங்களுக்குப் பின் வேறொரு சந்தில், வேறொரு பெயரில், ஜெர்மன் கொடியோடு ஏறியது. இம்முறை சுவரில் சட்டங்கள் இல்லை என்று கேள்வி.

கம்பத்திலிருந்து அவிழ்த்த ஈபிள் கோபுர ப்ளெக்ஸ் இப்போது மண்டியில் மழைக்குப் புளி மூட்டைகளை மூடப் பயன்படுகிறது. கெட்டியான துணி, இன்னும் நான்கு ஆண்டு உழைக்கும். போன வாரம் சக வியாபாரி மூக்கையா அங்கு வந்திருந்தார். மகனை ஜெர்மனிக்கு அனுப்பவேண்டும், மொழித் தேர்வுதான் தொல்லையாக இருக்கிறது, ஈஸ்வரன் மகள் எப்படிப் போனாள் என்று கேட்டார்.

ஈஸ்வரன் அப்போது கோபால்பட்டியிலிருந்து வந்த மூட்டை ஒன்றில் முழங்கை மறையக் கையை விட்டிருந்தார்.

"எல்லாம் நம்ம ஆளு மூலமாத்தான்" என்றார். "பாண்டிகிட்டப் போ. எடம் மாறிட்டான், நான் நம்பர் தாரேன். கெட்டிக்காரன். ஆனா ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க மூக்கையா, அனுபவத்துல சொல்றேன்."

"என்னண்ணே?"

"ப்ளெக்ஸ் மட்டும் அடிச்சுராத."

பிறகு அடியிலிருந்து ஒரு பிடி புளியை வெளியே எடுத்து, நசுக்கி, மோந்து, முகம் சுளித்து, அந்த மூட்டையைத் திருப்பி அனுப்பினார்.